உளவியலையும் கல்வியியலையும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். உளவியல் படிக்க ஆசை. வீட்டில் பி.எட். முடித்து டீச்சர் ஆகச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் பயன் உண்டா? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நான் இரண்டையும் படித்தவள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டிலும் உளவியல், அதன் பிறகு பி.எட். இப்போது ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். ஆனால் எந்த வரிசையில் படிப்பது, எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எனக்கு அதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

முதலில் வரிசை. பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு நான் பி.எட். விண்ணப்பம் வாங்கப் போனேன். "உளவியலா? முதுகலை முடிச்சிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதிப்படி தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களுக்கு இளங்கலை போதும். உளவியல், சமூகவியல், பொருளியல், வணிகவியல் போன்றவற்றுக்கு முதுகலைப் பட்டம் கேட்பார்கள். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆக மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு வருடம். வீட்டில் இந்தக் கணக்கை இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் கையேட்டில் தகுதிப் பக்கத்தை ஒருமுறை நீங்களே படித்தும் பாருங்கள். இன்னொன்று, வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திவிட்டது.

உளவியல் என்றால் அடுத்தவர் மனதைப் படிப்பது என்று நினைத்துச் சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப் போவார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேரை மிரட்டியது புள்ளியியல்தான். அப்புறம் ஆய்வகம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் கோட்டை விட்டு விலகாமல் பென்சிலை நகர்த்த வேண்டும். கை எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் முறை எத்தனை தவறு, பத்தாவது முறை எத்தனை என்று எண்ணி ரெக்கார்டு நோட்டில் வரைபடம் போட வேண்டும். அன்றைக்கு அது சலிப்பாக இருந்தது. ஆனால், ஒன்றைக் கற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதை என் கையே எனக்குக் காட்டியது அந்தச் சோதனையில்தான்.

பி.எட். வேறு உலகம். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகைத் திறன், நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது, பெல் அடிப்பதற்குள் முடிப்பது. இரண்டு ஆண்டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். எனக்கு இரண்டு படிப்பும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த 16 வாரத்தில்தான். எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் அதில் இருக்கிறது.

பயிற்சியின்போது ஒரு மாணவனைப் பற்றி கேஸ் ஸ்டடி ரெக்கார்டு எழுதித் தர வேண்டும். ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒரு பையனைக் காட்டி, "இவன எடுத்துக்கோங்க மிஸ், கணக்குல சுத்த மக்கு. சில நாள் சரியாப் போடுவான், சில நாள் எல்லாம் தப்பு. கவனமே இல்ல" என்றார். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் கழித்தல் கணக்கு. 75-லிருந்து 32 போனால் 43, சரி. 52-லிருந்து 27 போனால் 35 என்று போட்டிருந்தான், சிவப்பு மையில் அடித்திருந்தது. 83-லிருந்து 46 போனால் 43, அடித்திருந்தது. 60-லிருந்து 28 போனால் 48, அதுவும் அடித்திருந்தது. பக்கத்தின் அடியில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது.

கவனக்குறைவாக இருந்தால் தவறு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். இவன் தவறெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான், எது மேலே எது கீழே என்று பார்க்கவில்லை. 7-லிருந்து 2 போனால் 5, 5-லிருந்து 2 போனால் 3, ஆக 35. அந்த விதிப்படி அவன் கணக்கில் ஒரு பிழைகூடக் கிடையாது. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கு வந்த நாளில் எல்லாம் சரியாக வந்திருக்கிறது, தேவைப்பட்ட நாளில் எல்லாம் தப்பாகப் போயிருக்கிறது. ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள்: பிள்ளைகளின் கணக்குப் பிழைகளில் பல குருட்டாம்போக்கில் வருவதில்லை, தவறான ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றுவதால் வருகின்றன. எம்.எஸ்சி.யில் அதைப் படித்திருந்தேன். படித்திராவிட்டால் நானும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு "கவனமாப் போடுப்பா" என்று சொல்லியிருப்பேன்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "2-லேருந்து 7 போகாதே, அப்ப என்ன செய்வ?" என்று கேட்டேன். "7-லேருந்து 2 போகுமே மிஸ்" என்றான். "பக்கத்து வீட்டுல கடன் வாங்கச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல மிஸ், எப்ப குடுக்கிறது?" என்றான். கடனைப் பற்றி அவன் வீட்டில் என்னென்ன கேட்டு வளர்ந்தானோ தெரியாது. கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லே அவனைத் தடுத்து நிறுத்தியிருந்தது.

இது வரைக்கும் கண்டுபிடித்தது உளவியல். அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் எனக்கு விடை இல்லை. அதை பி.எட். தந்தது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல 27 எனக்குக் குடு" என்றேன். இரண்டு கட்டை எடுத்து வைத்தான். உதிரியில் ஏழு இல்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை. அவனே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். மீதியை எண்ணி, "இருபத்தஞ்சு" என்றான். பிறகு நோட்டை எடுத்துப் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, "கடன் இல்ல மிஸ், பிரிக்கிறது" என்றான். அன்றிலிருந்து நான் அந்த இடத்தில் 'கடன்' என்று சொல்வதில்லை, 'பிரித்துக் கழித்தல்' என்றுதான் சொல்கிறேன்.

துணையோடு செய்ய முடிவதற்கும் தனியாகச் செய்ய முடிவதற்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதை மூன்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த ரப்பர் பேண்ட் கழன்றபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

இரண்டு துறையும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அதற்கேற்ற வழியில்தான் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் பி.எட். குறிப்பில் இருந்தது. பிள்ளையின் பாணிக்குப் பொருத்திக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 2008-லேயே ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் கேட்டேன். விவாதிக்க நேரம் இருக்கவில்லை, பரீட்சைக்குக் குறிப்பில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். எழுதினேன், ஆனால் என் வகுப்பில் அதைச் செய்யவில்லை. உளவியலை முழுதாகப் படித்துவிட்டு பி.எட். போவதன் லாபம் இதுதான். சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், எங்கே சோதித்தார்கள், யாரிடம் சோதித்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

அதே மாதிரி, எடுத்துக்கொள்ள வேண்டியதை உறுதியாக எடுத்துக்கொள்ளவும் முடியும். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பத்தியை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதனால் என் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கும், பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது.

வேலை பற்றிக் கேட்பீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புக்கு உளவியல் ஒரு பாடம். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்தான், அதற்கு நீங்கள் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது. கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் யு.ஜி.சி. நெட்டில் உளவியலும் கல்வியியலும் தனித்தனிப் பாடங்கள். ஆலோசகர்களுக்கும் இப்போது தேவை கூடியிருக்கிறது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பால் நீங்கள் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் வேண்டும். சிறப்புக் குழந்தைகளுக்கான பி.எட்.டும் அந்தக் கவுன்சிலின் கீழ் வரும் தனிப் படிப்பு. சாதாரண பி.எட். அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் படிக்க நினைத்தால், பிரிட்டனில் இரண்டையும் சேர்த்தே மூன்றாண்டு இளங்கலையாகத் தருகிறார்கள். அங்கே பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அந்தப் பட்டத்துக்கு உண்டா என்று மட்டும் முதலில் கேளுங்கள். அது இல்லாமல் பின்னால் கல்வி உளவியலாளர் ஆகும் வழிக்குப் போவது கஷ்டம்.

இரண்டு தொப்பியை ஒரே தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் என்னையே ஆலோசகராகவும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாகவும் போட்டார்கள். அந்த வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் மதிய இடைவேளையில் வந்து பேசிக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம் அவள் விடைத்தாளை நான் திருத்திக் கொடுத்தேன், மதிப்பெண் குறைவு. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. மதிப்பெண் போடுகிறவளிடம் மனதைத் திறந்து பேச யாருக்கு வரும்? அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று நிர்வாகத்திலும் கேட்டார்கள். சொல்ல மறுத்தேன், அவர்களுக்கு என்மேல் வருத்தம் வந்தது. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும், அதில் ரகசியம் என்ற பேச்சே இல்லை. மற்றதெல்லாம் பிள்ளையுடையது. வேலையில் சேரும்போதே இந்த இரண்டையும் பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டதற்கு அந்தப் பெண்தான் விலை கொடுத்தாள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். தெரிந்த வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருந்தால், பத்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, நேருக்கு நேர் வையுங்கள். "ரெண்டும் சமமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆமாம் என்று சொல்லும். ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீளமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். நீளமானதில்தான் அதிகம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சுவிஸ் உளவியலாளர் பியாஜே காட்டியது இது. இன்னொரு நாள் நீங்கள் கை வைக்காமல், ஒரு கரடி பொம்மை குறும்பு பண்ணி வரிசையைக் கலைத்த மாதிரிச் செய்துவிட்டுக் கேளுங்கள். 1974-இல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் இப்படிச் செய்தபோது இன்னும் நிறையப் பிள்ளைகள் சமம் என்று சரியாகச் சொன்னார்கள். இரண்டு நாளும் அந்தப் பிள்ளை என்ன சொன்னதோ, அதன் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "ஏன் கண்ணு அப்படிச் சொல்ற?" என்று கேட்டு, அதற்கு வரும் பதிலையும் எழுதுங்கள். எழுதும்போது அடுத்த கேள்வி உங்களுக்கே தோன்றுகிறதா என்று பாருங்கள்.