மாற்றுத்திறனாளி சான்று, உதவித்தொகை, ஃப்ளோரைடு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மறுவாழ்வுத் துறையில் இருக்கும் இயன்முறை மருத்துவர்.)

பாலக்கோடு வாசகர்: சார், அப்பாவுக்கு 58 வயசு. குனிய முடியல, கழுத்து திரும்பல. தண்ணியில் இருக்கிற ஃப்ளோரைடு எலும்பில் சேர்ந்து வர்ற ஃப்ளோரோசிஸ்னு டாக்டர் சொன்னார். ஆனா சட்டம் சொல்ற 21 வகை ஊனப் பட்டியல்ல அது இல்ல, சான்று கிடைக்காதுங்கறாங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பேர் இல்லைங்கறது உண்மை. சான்று கிடைக்காதுங்கறது தப்பு. நோயின் பேருக்குச் சான்று தர்றதில்லை, உடம்பில் எது எவ்வளவு இயங்கலைங்கறதுக்குத்தான் தர்றாங்க. அப்பாவுடையது கை கால் இயக்கக் குறைபாட்டில் வரும்.

வீட்டிலேயே மூணு சோதனை செஞ்சு பாருங்க. முட்டியை மடக்காம குனிஞ்சு கால் விரலைத் தொட முடியுதா? தாடை நெஞ்சைத் தொடுதா? கையைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கி, பின்தலையைத் தொட முடியுதா? சான்று முகாமில் பலர் "உடம்பெல்லாம் வலி"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிடறாங்க. வலிக்கு மட்டும் சதவீதம் கிடையாது, அசைவுக்குத்தான் அளவு. அதனால எது முடியலைங்கறதை எலும்பு டாக்டர் முன்னாடி செஞ்சே காட்டச் சொல்லுங்க. முன்கை, இடுப்பு எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிஞ்சிருந்தா படத்தில் தெரியும். ஃப்ளோரோசிஸுக்கு அது நல்ல அடையாளம்.

காரிமங்கலம் வாசகி: கணவருக்குக் கால் 40%, காது 30%. கூட்டினா 70% வரணும். 57% போட்டு ஏமாத்திட்டாங்க.

ஏமாத்தலைங்க. நேரடியாகக் கூட்ட மாட்டாங்க. பெரிய எண்ணை அப்படியே வச்சு, 90-லிருந்து அதைக் கழிச்சு, வர்றதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்துச் சேர்ப்பாங்க. 50 × 30 ÷ 90 = 16.67. அதோடு 40 சேர்ந்தால் 56.67. கணக்கு சரி. காது அளவே தப்புன்னு தோணினா அதே 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

ஓசூர் வாசகர்: உதவித்தொகை 1,500 ரூபாயா, 2,000 ரூபாயா?

ரெண்டும் உண்டு, அலுவலகம் வேற. தாசில்தார் வழியா வருவாய்த் துறை தர்றது 1,500. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தர்ற பராமரிப்புத் தொகை 2,000. பின்னது கடுமையான பாதிப்பு, அறிவுத்திறன் குறைபாடு, தசைச்சிதைவு, பார்க்கின்சன், தொழுநோயிலிருந்து குணமானவர் மாதிரி குறிப்பிட்ட பிரிவுகளுக்கு. ஒருத்தருக்கு ஒண்ணுதான்.

அரூர் வாசகர்: அடையாள அட்டைக்கு ஒருத்தர் 3,000 கேட்கறார், கொடுக்கலாமா?

ஒரு பைசா கொடுக்காதீங்க. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பம் இலவசம், இ-சேவை மையத்தில் போட்டா அவங்க சேவைக் கட்டணம் மட்டும். ஆதாரில் இருக்கிற பேரும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் அப்படியே இருக்கணும். இழுத்தடிக்கிறது பெரும்பாலும் அங்கேதான்.

பென்னாகரம் வாசகர்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாச்சு. இன்னும் ஃப்ளோரைடுங்கறீங்க. வயசான மூட்டுவலிக்கெல்லாம் அந்தப் பேரை வைக்கறீங்களோ? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 1.64%தான், நாட்டில் 2.21%. நாம நல்லாத்தானே இருக்கோம்?

இதுக்கு விரிவாவே பதில் சொல்றேன். திட்டம் 2013-ல் வந்தது, பெரிய நன்மை, மறுக்கலை. ஆனா 1990-களில் போர் தண்ணி குடிச்சவரின் எலும்பில் சேர்ந்த ஃப்ளோரைடு, குழாய்த் தண்ணி வந்ததும் கரைஞ்சு போயிடாது. இறுகின முதுகெலும்பு பழையபடி ஆகாது. இன்னொண்ணு, குடிக்க மட்டும் குழாய்த் தண்ணி, உலை வைக்கவும் களி கிண்டவும் போர் தண்ணிங்கற வீடுகள் இருக்கு. அரிசியும் மாவும் அந்தத் தண்ணியை இழுத்துக்கிட்டுத்தான் வேகுது. கொதிக்க வைச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். நல்ல தண்ணி குறைவா வர்ற நாளில் கர்ப்பிணிக்கும் 8 வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்கும் முதலில் ஒதுக்குங்க, நிலைச்ச பல் உருவாகற வயசு அது.

1.64% விஷயம்: எண்ணிக்கை, கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகை ஊனத்தைக் கேட்டது. "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?"ன்னா, குனிய முடியாத அப்பாவைச் சேர்க்காம "இல்லை"ன்னு சொல்லத்தான் வாய் வரும். "நடக்க, குனிய, எடுக்கச் சிரமமா?"ன்னு கேட்டா பதில் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டில் உலக மக்களில் 16% பேர். அளவுகோல் வேறயா இருந்தாலும் இவ்வளவு இடைவெளியை ஆரோக்கியம்னு எடுத்துக்கக் கூடாது. எண்ணப்படாதவருக்கு முகாமும் வராது, முடநீக்குக் கருவியும் வராது. பாலக்கோட்டு அப்பா மாதிரி ஆட்களைச் சான்றுக்கு அனுப்புங்கன்னு நான் விடாம சொல்றது அதுக்காகத்தான்.

ஊத்தங்கரை வாசகி: பேத்திக்கு ரெண்டரை வயசு. கூப்பிட்டா திரும்பறதில்ல. லேட்டா பேசுவா, பொறுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.

அம்மா, ஒரு வாரம்கூடப் பொறுக்காதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்க. காது கேட்குதான்னு பார்க்கிற பேரா (BERA) சோதனை கேளுங்க, குழந்தை தூங்கும்போது எடுக்கறது. அன்னிக்குக் காலையில் தூங்க விடாம வச்சிருந்தா வேலை சுலபம். காது கேட்கும் கருவி மாட்டியும் பயன் இல்லாத அளவு கேள்வித்திறன் குறைஞ்சிருந்தா, முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயசுக்குள் காக்ளியர் (உள்காதில் கருவி பொருத்தற) அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனா 6 வரை இருக்கேன்னு காத்திருக்காதீங்க, மொழி பிடிக்கிற வயசு இப்பவே ஓடிக்கிட்டிருக்கு. அறுவை முடிஞ்ச பிறகு பேச்சுப் பயிற்சியை நிறுத்தினா கருவி வீண்.

சூளகிரி வாசகர்: 1,500-ம் 2,000-ம் ரெண்டும் வாங்கலாமா?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதுதான். ஒண்ணுதான்.

மத்தூர் வாசகர்: அட்டைக்கு ஏஜெண்ட் நம்பர் யாராவது…

ஏஜெண்ட் வேண்டாம். அரூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

கம்பைநல்லூர் வாசகர்: தனியார் கம்பெனியில் 4% இடஒதுக்கீடு உண்டா?

கட்டாயம் அரசு நிறுவனங்களுக்குத்தான்.

அஞ்செட்டி வாசகி: அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மலையிலிருந்து தூக்கிட்டு வர முடியல.

மக்களைத் தேடி மருத்துவம் உங்க மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கினது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதியுங்க, இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வரணும். அதுவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாத்திப் படுக்க வைங்க. மல்லாக்கப் படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வச்சு, குதிகால் மெத்தையில் படாம தூக்கி விடுங்க. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீங்க, உள்ளே தோல் கிழியும். செயலிழந்த கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினா தோள்மூட்டு நழுவிடும், அதனால தோள்பட்டைக்கு அடியில் கை கொடுத்துத் திருப்புங்க.