சிங்கப்பூரில் ஒரே நாள்தான் இருக்கிறது. யூனிவர்சல் ஸ்டுடியோஸை எப்படித் திட்டமிடுவது?

ஒரு நாள் போதும். சென்டோசா தீவிலுள்ள இந்தக் கேளிக்கைப் பூங்கா ஒரு நீர்நிலையைச் சுற்றி அமைந்தது. நடை பெரிதில்லை, வரிசைதான் நேரத்தைத் தின்னும்.

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறுங்கள். தீவுக்கு நடைபாதையும் உண்டு. வாசல் திறக்கும் முன்பே போய்விடுங்கள்.

பலர் கவனிக்காதது மழை. மின்னல் அபாயம் இருந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அங்கே பிற்பகல் மழை சகஜம். ஆகவே பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர்கோஸ்டரைக் காலையிலேயே முடியுங்கள். மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுகள் இரண்டும் கூரைக்குள், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனித்தனியாக உட்காரத் தயார் என்றால் ஒற்றையாள் வரிசையைக் கேளுங்கள், சீக்கிரம் நகரும். ஜுராசிக் பார்க் படகில் தொப்பலாக நனைவீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும். வார நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள், சிங்கப்பூர் பள்ளி விடுமுறையைத் தவிர்த்து.