மெகாவாட் வேறு, யூனிட் வேறு

கேள்வி: இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் இப்போது நிலக்கரி, எரிவாயு சாராதது என்று செய்தியில் படித்தேன். அப்படியென்றால் நாம் எரிக்கும் மின்சாரத்தில் பாதி சுத்தமானதா?

பதில்: செய்தி உண்மை, ஆனால் நீங்கள் போட்ட கணக்கு சரியில்லை. 2025 ஜூன் முடிவில் நாட்டின் நிறுவுதிறன் சுமார் 4,85,000 மெகாவாட். அதில் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி சூரியஒளி, காற்று, நீர், அணு எல்லாம் வந்துவிட்டன. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து வருஷம் முன்னாலேயே தொட்டதில் எனக்கு நிஜமாகவே பெருமை. ஆனால் நிறுவுதிறன் என்பது இயந்திரம் முழு மூச்சில் ஓடினால் எவ்வளவு தரும் என்பதுதான், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அது சொல்லாது. நம் மீட்டரில் ஏறுவது யூனிட்; ஒரு மெகாவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 1,000 யூனிட்.

ஒரு மெகாவாட் சோலாரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம், உச்சிவெயிலில் நிறைய, மேகம் மறைத்தால் சட்டென்று இறக்கம், பொழுது சாய்ந்தால் பூஜ்யம். வருஷச் சராசரியில் ஒரு நாளைக்கு 5,000 யூனிட் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதே ஒரு மெகாவாட் அனல் நிலையத்தில் 70 சதவீத அளவில் ஓடினால் 16,800 யூனிட். கூடங்குளம் அணு உலை முழுத் திறனில் ஓடும் நாளில் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 24,000. முப்பந்தல் காற்றாலைகளோ ஆனி, ஆடியில் விடாமல் சுற்றும், ஐப்பசியில் பல நாள் அசையாமல் நிற்கும். எரிவாயு நிலையங்கள் 20,000 மெகாவாட்டுக்கு இருந்தும் எரிபொருள் விலையால் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. இத்தனையும் கூட்டிக் கழித்தால், 2024-25-ல் உற்பத்தியான ஒவ்வொரு 100 யூனிட்டிலும் 70-க்கு மேல் நிலக்கரியில் வந்ததுதான்.

கேள்வி: அப்போது பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தைச் சேமிக்கவே முடியாதா?

பதில்: முடியும், அதற்கு நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1980-களில் வந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே இறக்கி டர்பைனைச் சுழற்றுவார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் ஏற்றச் செலவான 100 யூனிட்டில் 75, 80 திரும்பக் கிடைக்கும். கட்ட வருஷக்கணக்கில் ஆகும் என்பது நிஜம்; பேட்டரிகளைச் சில மாதங்களிலேயே நிறுவிவிடலாம், ஆனால் அவை பொதுவாக இரண்டு, நான்கு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு அதுவே பெரிய உதவி. காற்றும் வெயிலும் சேர்ந்தாற்போல் நாள்கணக்கில் ஏமாற்றும் மழைக்காலத்துக்கு இப்படி மலைமேல் தேக்கிய தண்ணீரும் வேண்டும் என்பேன்.