பழைய கார் எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தம் ஏன் வருகிறது?

பெரும்பாலும் அது டேப்பெட் சத்தம், அதாவது வால்வுகளை இயக்கும் பாகங்கள் தட்டும் சத்தம். ராக்கர் ஆர்முக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) வால்வுத் தண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். பல பழைய எஞ்சின்களில் அது சுமார் 0.3 மி.மீ. சூட்டில் வால்வு நீள இடம் வேண்டுமே! தேய்மானத்தால் இடைவெளி கூடினால், ராக்கர் வால்வை அழுத்துவதற்குப் பதில் அடிக்கிறது. தாழ்ப்பாள் தளர்ந்த கதவு காற்றில் தட்டுவதைப் போல. ஒரு வால்வு மட்டும் தளர்ந்திருந்தால் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டுக் கேட்கும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்து வால்வு மூடியைக் கழற்றி, மறுபடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) தகட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் செருகுங்கள். ஆயில் தெறிக்கும், கவனம். எதில் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. இடைவெளியைச் சரிசெய்யும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் காலையில் கேட்டு, எஞ்சின் சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள அடைப்புத் தகடு) கசிவாக இருக்கலாம். இணைப்பில் கரி படிந்திருக்கும்.

சத்தமே கேட்காதபடி வால்வு இடைவெளியை இறுக்குவதுதான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.