யூத நண்பருக்கு மஜ்ஜை தேடுவது பற்றி

வணக்கம். நியூஜெர்சியில் உங்களுடன் வேலை பார்க்கும் யூத நண்பருக்கு ரத்தப் புற்றுநோய், உடன்பிறந்தவர்கள் மஜ்ஜை பொருந்தவில்லை, நான் மஜ்ஜைக் கொடையாளராகப் பதிவு செய்தால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியம் செய்யுங்கள், என்றாவது ஒரு தமிழ் நோயாளிக்கு உதவலாம். ஆனால் உங்கள் நண்பருக்குப் பொருந்துவது அரிது. எச்.எல்.ஏ. எனும் திசுவகை பரம்பரையாக வருவதால், அவருடைய மூதாதையர் வழியினரிடமே வாய்ப்பு அதிகம். யூத இனப்படுகொலையில் குடும்பம் குடும்பமாக அழிந்துபோனதால் ஐரோப்பிய வழி யூதர்களுக்கு அந்த வட்டமும் சுருங்கிவிட்டது. 1991இல் ஜே ஃபைன்பெர்க் என்ற இளைஞருக்கும் இதே நிலைதான். குடும்பமும் நண்பர்களும் ஊர் ஊராகக் கொடையாளர் பதிவு முகாம் நடத்தி, 1995இல் கொடையாளர் கிடைத்துப் பிழைத்தார். அவர் தொடங்கியதே ‘கிஃப்ட் ஆஃப் லைஃப்’ எனும் மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம்.

அந்தப் பதிவகத்தாரிடம் பேசி, நண்பர் போகும் யூத ஜெப ஆலயத்திலும் பக்கத்துக் கல்லூரிகளின் யூத மாணவர் அமைப்புகளிலும் முகாம் வைக்கச் சொல்லுங்கள். இளைஞர்கள்தான் முக்கியம். பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பிறகு கொடையளிக்கும்போது முதுகுத்தண்டில் ஊசி என்று பயப்படுவார்கள், அப்படி இல்லை. பெரும்பாலும் கை ரத்தத்திலிருந்தே, ரத்தத்தை உருவாக்கும் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். யாராவது தயங்கினால் ரபியையே (யூத மதகுரு) பேச வையுங்கள்: உயிரைக் காக்க ஓய்வுநாள் விதியையும் மீறலாம் என்பது அவர்கள் மதச் சட்டம்.