குரலைப் பதிந்தாயிற்று, எடிட்டிங்குக்கு எதை வாங்குவது?

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்பவர்கள் ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். பக்திப் பாடல்கள் பாடுகிறேன். ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், விண்டோஸ் லேப்டாப் இருக்கின்றன. இசையை நண்பர் முடித்து அனுப்பிவிடுவார். குரலைப் பதிந்து, வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்து அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எஃப்எல் ஸ்டுடியோ வாங்கச் சொல்கிறார் ஒருவர், கியூபேஸ்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது.

பதில்: இருவரும் தங்களுக்குப் பழகியதைச் சொல்கிறார்கள். பீட் போட்டுப் பாட்டு கட்டுபவருக்கு எஃப்எல் கைக்கு வாகானது. மிடியில், அதாவது ஸ்வரங்களைக் குறிப்புகளாகக் கணினிக்குக் கொடுக்கும் முறையில், நிறைய வாத்தியங்கள் எழுதுபவருக்குக் கியூபேஸ் பொருந்தும். உங்களுக்கு அந்த இரண்டு வேலையும் இல்லை. பாடிய குரலைத் திருத்துவதற்கு என்ன தேவை என்று மட்டும் பாருங்கள்.

முதல் தேவை, ஒரே பல்லவியை நாலைந்து முறை பாடி, எல்லா டேக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வரிக்கு வரி நல்லதைப் பொறுக்கிக் கோப்பது. இதைக் காம்பிங் என்பார்கள். குரல் எடிட்டிங்கில் பாதி நேரம் இதில்தான் போகும். அடுத்தது கிராஸ்ஃபேடு. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அலை சட்டென்று தாவினால் 'டக்' என்று கேட்கும். ஒன்று தேய, மற்றொன்று எழும்படி சில மில்லிசெகண்டு கலந்துவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது. பிறகு, தவறிய ஒரு சொல்லை மட்டும் மறுபடி பாடிச் சேர்க்கும் பஞ்ச் இன் வசதி. எல்லாவற்றையும்விட முக்கியம், மூல ஃபைலைத் தொடாமல் திருத்துவது. நல்ல சாஃப்ட்வேரில் நீங்கள் வெட்டும்போது டிஸ்கில் உள்ள வேவ் ஃபைல் வெட்டுப்படாது. எங்கிருந்து எதுவரை ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே மாறும். ஒரு மாதம் கழித்து, வெட்டியெறிந்த மூச்சுச் சத்தம் மறுபடி வேண்டுமென்றாலும் விளிம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

இந்த நான்கையும் உங்கள் பட்ஜெட்டில் பாதிக்குச் சற்று மேலான விலையில் கொடுப்பது ரீப்பர். வினாம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனத்துடையது. 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வரவு 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே, வரி தனி. அந்த உரிமம் இப்போதைய பதிப்போடு அடுத்த பெரிய பதிப்புக்கும் செல்லும். 2023 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, டேக்குகளின் மேல் மவுசைத் தேய்த்தே காம்பிங் செய்ய முடிகிறது. குறையையும் சொல்லிவிடுகிறேன். கூடவே வரும் வாத்திய ஒலிகள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, முகப்பும் முதலில் வறட்சியாகத் தெரியும். உங்கள் வேலைக்கு இரண்டும் தடையில்லை.

பணமே செலவழிக்கக் கூடாது என்றால் ஆடாசிட்டி இருக்கிறது. 2021 இறுதியில் வந்த 3.1 பதிப்பில் மூல ஒலியை அழிக்காமல் விளிம்பை இழுக்கும் வசதியும், 2022-இன் 3.2 பதிப்பில் எதிரொலி போன்ற எஃபெக்டைப் பாட்டு ஓடும்போதே மாற்றும் வசதியும் வந்துவிட்டன. ஒரு ஆளின் பேச்சைத் திருத்த அது தாராளம். பல டேக் கோத்துப் பாட்டு முடிப்பதற்கு ரீப்பர்தான் வேகம்.

மீதிப் பணத்தில் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் வாங்குங்கள். திறந்த வகை ஹெட்போனில் இசையைக் கேட்டபடி பாடினால் அது மைக்கில் கசியும். கசிந்த இசையோடு குரலை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு ஒட்டிலும் பின்னணி தடுக்கி விழும், எந்த சாஃப்ட்வேரும் அதைச் சரியாக மறைக்காது. 24 பிட்டில் பதியுங்கள்; உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் பத்து டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கு எரிந்து நுனி வெட்டுப்பட்ட ஒலியைப் பிற்பாடு திருத்த முயல்வதைவிட மறுபடி பாடிவிடுவது நல்லது.

கேள்வி: சலுகை விலையில் ஒரு பிரபல மியூசிக் சாஃப்ட்வேரின் ஆரம்பப் பதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். மைக்கில் பதிந்து எடிட் செய்யும் வசதி மேல் பதிப்பில்தான் இருக்கிறதாம். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உரிமத்தை ஆக்டிவேட் செய்த பிறகு பணம் திரும்பக் கிடைப்பது கடினம். விற்பனைப் பக்கத்தில் 'பதிவு செய்யலாம்' என்று எழுதியிருந்தாலோ, படம் காட்டியிருந்தாலோ நிலைமை வேறு. அது தவறான விவரம் சொல்லி விற்றது ஆகும். பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, முதலில் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பதிப்புகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் 'இல்லை' என்று தெளிவாகப் போட்டிருந்தால் உங்கள் பக்கம் வலு குறைவு. அப்போது கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு மேல் பதிப்பு தருவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அப்படி ஒரு மேம்படுத்தும் விலை இருக்கும்.

இதே சிக்கல் பல நிறுவனங்களிடமும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருப்பது வேறு. ஏபிள்டன் லைவின் இன்ட்ரோ பதிப்பில் 16 ட்ராக்தான் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தனி வரிசையே ட்ராக்). ப்ரோ டூல்ஸின் இலவச இன்ட்ரோவில் எட்டு ஆடியோ ட்ராக். எட்டு ட்ராக் ஒரு பாடகருக்குப் போதும். கோரஸ் சேர்த்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். இன்டர்ஃபேஸோடு இலவசமாக வரும் சிறு பதிப்புகளும் அப்படித்தான், ஆனால் அவற்றுக்குத் தனிக் காசு இல்லை என்பதால் முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் உரிமக் குறியீட்டைப் பதியாமலே வைத்திருக்கும் பலருக்குக் கையிலிருப்பது என்னவென்றே தெரிவதில்லை.

ட்ரையலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் ட்ரையலில் எல்லா வசதியும் வேலை செய்யும், சேவ் செய்யலாம், ஆனால் சேவ் செய்த பாட்டை உரிமம் வாங்கும் வரை மறுபடி திறக்க முடியாது. முக்கியமான வேலையை அதில் தொடங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். சில இடங்களில் சுருதி லேசாக இறங்கியிருக்கிறது. மெலடைன் வாங்கலாமா, ஆட்டோ ட்யூன் வாங்கலாமா? கமகத்தின் அசைவு கெடாமல் திருத்த முடியுமா?

பதில்: கமகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். 1997-இல் வந்த ஆட்டோ ட்யூன், குரல் எந்த ஸ்வரத்துக்கு அருகில் இருக்கிறதோ அங்கே இழுத்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. அதைத் தானியங்கித் திருத்தத்தில் விட்டால், அசைவின் ஒவ்வொரு நுனியையும் பக்கத்து ஸ்வரத்தின் கட்டத்தில் உட்கார வைத்துவிடும். திருத்தும் வேகத்தைக் குறைத்து வைத்தால் சேதம் குறையும், நிற்காது. உங்கள் சங்கீதத்துக்குத் தானியங்கி முறை வேண்டாம்.

மெலடைன் வேறு வழி. மியூனிக்கின் செலமோனி நிறுவனம் செய்தது. பாடியதைத் துண்டு துண்டாகத் திரையில் காட்டும். நீங்கள் தொட்டதை மட்டும் மாற்றும். கமகம் உள்ள சங்கதிகளைத் தொடாதீர்கள். நீண்ட கார்வைகளில், அதாவது ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் வந்து நிற்கும் இடங்களில், குரல் இறங்கியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) உயர்த்துங்கள். ரசிகர் காதில் சுருதி விலகல் அதிகம் உறுத்துவது அங்கேதான். கட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, தம்புராவைக் கூடவே ஓடவிட்டுக் காதால் முடிவு செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஆதார சுருதியையும் சரிபாருங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி என்று, ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவை வைத்து சாஃப்ட்வேர் கணக்கிடும். உங்கள் சுருதிப் பெட்டியின் நுண் திருகு கொஞ்சம் நகர்ந்திருந்தால் பாட்டு முழுக்க பத்து, இருபது சென்ட் தள்ளியிருக்கும். சரியாகப் பாடிய இடத்தையும் திரை 'தப்பு' என்று காட்டும். மெலடைனில் அடிப்படைச் சுருதியை உங்கள் பெட்டிக்குத் தக்க மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு? எசென்ஷியல் என்ற சிறிய பதிப்பில் துண்டை மேலே கீழே நகர்த்தலாம், நேரத்தை மாற்றலாம். கார்வைக்கு நடுவில் குரல் மெல்லச் சரிவதை மட்டும் தனியாக நிமிர்த்தும் கருவிகள் அடுத்த பதிப்பான அசிஸ்டன்ட்டிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் சொல்லும் குறைக்கு அதுதான் வேண்டும். ஒரே ஒலியில் கலந்த பல ஸ்வரங்களைப் பிரிக்கும் வசதி அதற்கும் மேலே எடிட்டரில் இருக்கிறது. தனிக் குரலுக்கு அது தேவையில்லை, அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள். தம்புரா மைக்கில் விழாமல் ஹெட்போனில் கேட்டுப் பாடியிருந்தால்தான் இந்தக் கருவி குரலைத் தெளிவாகப் பிரித்தறியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 30 நாள் ட்ரையல் உண்டு. நீங்கள் பாடிய ஒரு முழுக் கீர்த்தனையை அதில் முடித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: மாதச் சந்தா நல்லதா, ஒரேயடியாக வாங்குவது நல்லதா?

பதில்: எடிட்டிங் உங்கள் தொடர் வேலை என்றால் வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. சந்தா நின்ற அன்று சாஃப்ட்வேர் மட்டும் போவதில்லை, பழைய பாட்டுகளைத் திறக்கும் வழியும் போய்விடலாம். ஆப்பிளின் லாஜிக் ப்ரோ எக்ஸை 2013-இல் வாங்கியவர்களுக்கு 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பும் கூடுதல் பணமின்றிக் கிடைத்தது. ஆனால் மேக் கணினி வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவில் ஒருமுறை வாங்கினால், வாங்கிய வகைக்கு இனி வரும் புதிய பதிப்புகளும் வாழ்நாள் முழுக்க இலவசம். கியூபேஸில் பெரிய பதிப்பு மாறும்போது பணம் கட்ட வேண்டும்.

ஒரு படத்துக்காக இரண்டு மாதம் மட்டும் ப்ரோ டூல்ஸ் தேவை என்பது போன்ற நிலையில் சந்தா சரி. அப்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதாமாதம் கட்டும் திட்டம் போலத் தோன்றுவது உண்மையில் ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம். நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கும் ஒரு தொகை கேட்பார்கள். வெளிநாட்டுத் தளத்தில் காட்டும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி கடைசிப் பக்கத்தில் சேரும், கார்டு நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதற்குப் பிறகு சேரும். தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியிலிருந்தே நிறுத்தவும் முடியும். நிறுத்தும் வழியை வேண்டுமென்றே ஒளித்து வைப்பது, 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு விதிகளில் 'சந்தாப் பொறி' என்ற வகையில் தடை செய்யப்பட்டிருக்கிறது. 1915-இல் புகார் செய்யும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: பழைய கியூபேஸ் ஒன்று டாங்கிளோடு, அதாவது உரிமம் அடங்கிய யுஎஸ்பி சாவியோடு, பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த டாங்கிளுக்கான இ-லைசென்சர் சேவை 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பொதுவாக உரிமத்தைக் கைமாற்றி வாங்குவதென்றால், நிறுவனத்தின் தளத்தில் விற்பவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாறிய பிறகே பணம் கொடுங்கள். மாணவர் பதிப்புகளை அநேகமாக யாரும் மாற்றித் தருவதில்லை. பென் டிரைவில் எல்லா பிளகினும் (சாஃப்ட்வேரோடு சேர்க்கும் துணைக் கருவிகள்) போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் வாங்குவது உரிமமே இல்லை. அதில் வரும் வைரஸ் பதிவு வைத்திருக்கும் டிஸ்கையே பூட்டிவிட்டால் பாடிய குரலும் சேர்ந்து போகும்.

கேள்வி: ஒரு ஸ்டுடியோவில் பணம் கட்டிப் பாட்டுப் பதிந்தேன். எம்பி3 மட்டும் தந்தார்கள். வேறு இடத்தில் எடிட் செய்யத் தனித்தனி ட்ராக் கேட்டால் இன்னும் எட்டாயிரம் கேட்கிறார்கள். இது சரியா?

பதில்: முன்பே பேசாதது இருவருக்கும் சிக்கல்தான், ஆனால் சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்பவர், அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். பணம் போட்டு, ஆள் வைத்து, பாட்டைச் செய்யச் சொன்னவர் நீங்கள் என்றால் அந்த இடம் பொதுவாக உங்களுடையது. கருவியும் அறையும் தந்ததாலேயே ஸ்டுடியோவுக்கு அது வந்துவிடாது.

பேசும்போது 'ப்ராஜெக்ட் ஃபைல் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். அதில் அவர்களுடைய பிளகின் அமைப்புகள் இருக்கும், தரத் தயங்குவார்கள். தந்தாலும் அதே சாஃப்ட்வேர் இல்லாத இடத்தில் திறக்காது. 'எஃபெக்ட் இல்லாமல், எல்லா ட்ராக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட் வேவ் ஃபைலாக' என்று கேளுங்கள். எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் தாளம் பிசகாமல் ஒன்றாக உட்காரும். ஐந்து நிமிடப் பாட்டில் 20 மோனோ ட்ராக் இருந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஏற்றுமதி செய்ய ஆகும் நேரத்துக்கு ஒரு நியாயமான கூலி கொடுப்பதில் தவறில்லை, எட்டாயிரம் அதிகம்.

ஒத்துவரவில்லை என்றால் ரசீதோடு எழுத்தில் கேட்டுவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுச் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தப் பாட்டை விற்றுப் பிழைக்கிறீர்கள் என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று அவர்கள் வாதிடக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்குகிறது; ஆனால் அந்த விளக்கம் பொருளை மட்டுமே சொல்கிறது, சேவையைச் சொல்லவில்லை, அதனால் இந்த வாதத்துக்குத் தயாராக இருங்கள். அடுத்த பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், தனி ட்ராக்குகள் எப்போது, என்ன வடிவத்தில் தருவார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.