முதல் ரோடு சைக்கிள்: எடையா, டயரா?

கேள்வி: தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகவும், ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டவும் ஒரே ரோடு சைக்கிள் வாங்க வேண்டும். எடை குறைந்ததாகப் பார்க்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: எடையைக் கடைசியில் பாருங்கள். 32 மி.மீ. அகல டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழைய ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 23, 25 மி.மீ. டயர் பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழலாம். காற்று குறைந்திருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் காற்று போதும். 100 அடித்தால் கைதான் மரத்துப்போகும்.

பின் சக்கர அச்சுக்கு மேலே கேரியர் மாட்டும் திருகு துளை உண்டா என்று குனிந்து பாருங்கள். லேப்டாப்பை முதுகில் சுமந்தால் சட்டை நனைந்துவிடும்.

அளவில் மட்டும் சமரசம் வேண்டாம். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கால்களுக்கு இடையே ஒரு புத்தகத்தை நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து 0.67-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 54 செ.மீ. அளவு ஃபிரேமிலிருந்து ஓட்டிப் பார்க்கத் தொடங்கலாம்.

ரோடு சைக்கிள் டியூபில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். பெட்ரோல் பங்க் குழாய் அதில் நேரடியாகப் பொருந்தாது. அளவுமானி உள்ள பம்ப், உதிரி டியூப் இரண்டு, ஹெல்மெட், விளக்கு ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். கடலோரம் ஓட்டிய அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்; உப்புக் காற்றில் சீக்கிரம் துரு ஏறும்.